எழுத்து வராத நான்கு நிமிடங்கள்

சவரிநாதன் தன் மனைவி ரெஜினாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடிக்கொண்டிருந்தபோது. தள்ளுபடுக்கையில் கிடந்தவள் தலையை இந்தப் பக்கம் திருப்பி, "அடுப்புல கேஸை மூடிட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள். "மூடிட்டேன்" என்றார். மூடினாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. ரெஜினாவின் உதடு இடது பக்கம் லேசாகக் கோணியது. அவர் பொய் சொன்னால் அது அப்படிக் கோணும், நாற்பத்தாறு வருஷமாக. ஆனால் ஒரு தடவைகூட அவள் வாயைத் திறந்து பொய் என்று சொன்னதில்லை. கதவு மூடிக்கொண்டது. மூன்றாம் மாடியிலிருந்து திரும்பி வந்ததை அவர் ரெஜினா என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அது நடந்து ஏழு மாதமாகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி, பொன்மலையில் வெயில் தகரத்தைப்போல் மின்னிக்கொண்டிருந்தது. சவரிநாதன் டிவிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியின் முதுகில் முகில்வண்ணன் செருகிவிட்டுப் போன பென் டிரைவில் சின்ன நீல வெளிச்சம் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. திரையில் ஒரே ஒரு வரி நின்றது: உப்புத் தொட்டி. ஓகே என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தினால் படம் ஓடும். அழுத்தாவிட்டால் ஓடாது. அவ்வளவுதான், இதற்குப் போய் ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உட்கார்ந்துதான் இருந்தார்.

முகில்வண்ணன் போய் அரைமணி ஆகியிருக்கும். அவன் குடித்த டீயின் டம்ளர் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தது. ஊரிலிருக்கும் திரைக்கழகத்துக்குச் செயலாளன், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, அடுத்த வருஷம் ஓய்வு, இன்னும் தோளில் ஜோல்னாப்பை. வந்ததும் வராததுமாக, "சார், ஒரு விஷயம் கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றான். கேளுங்க தம்பி என்றார். "ஆக்னஸ்னா யாரு சார்?" இது என்ன கேள்வி என்று அவருக்குச் சிரிப்புதான் வந்தது. "உங்க பொண்ணுதானய்யா? பெத்தவனுக்கே மறந்துபோச்சா?" அவன் சிரிக்கவில்லை. "அவளுக்கு அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறேன்." "படத்துலேருந்து வச்சேன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க. துறையூர்லேருந்து உங்கம்மா வந்து, முருகன் கோயிலுக்கு முடி எடுக்கப்போற புள்ளைக்கு வேதக்காரங்க பேரான்னு மூணு நாள் சாப்பிடாம கெடந்தாங்களே." "ஆமா சார். ஆனா படத்துல அந்தப் பேரே இல்ல." முகில்வண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். போன மாதம்தான் அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று இன்டர்நெட்டில் கிடைத்ததாம். உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தானாம். "அந்தத் தொட்டி சீன் வருது பாருங்க, நாலு நிமிஷம், அதுல கீழே ஒரு இங்கிலீஷ் எழுத்துகூட ஓடல. அந்தம்மா சும்மா முனகுது சார். எந்த பாஷையும் இல்ல. இருபது வருஷமா மைக்ல தமிழ்ல நாங்க கேட்டதெல்லாம் ரெஜினா மேடம் சொன்னது. மேடமே சொன்னது." பிறகு அவன் ஜோல்னாப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். கழகத்தில் கிடந்த பழைய கேசட்டுகளை யாரோ சுத்தம் செய்து கொடுத்தார்களாம், அவற்றில் ஒன்றிலிருந்து ரெஜினாவின் குரலை எடுத்துப் படத்தோடு ஒட்டியிருக்கிறானாம். தாளில் அந்த இடத்தின் வசனத்தை எழுதிவைத்திருந்தான். படித்துக் காட்டினான், செய்தி வாசிப்பவனைப்போல: "ஆக்னஸ், கண்ண மூடிக்கோ. சோப்பு எரியும். சுவத்துக்கு அந்தப் பக்கம் குளிராத்தான் இருக்கும், தெரியும் எனக்கு." சவரிநாதனுக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. முகில்வண்ணனின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் தூரத்திலிருந்து வந்தது. "அதுக்கப்புறமும் என்னமோ சொல்றாங்க சார். அந்த எடத்துல மண்டபத்துல யாரோ பாவி இருமுறான். எங்களுக்கு விளங்கல. உங்களுக்கு மேடம் குரல் பழக்கம், வெளங்கலாம். ஒரு மணி எட்டாவது நிமிஷத்துல வருது. ஓட்டிவிட்டு நேரா அங்கேயே போயிடுங்க, முழுசா பாக்கணும்னு இல்ல. அந்த மனுஷன் படம் உங்களுக்கு ஆகாதுன்னு ஊருக்கே தெரியுமே."

ஊருக்குத் தெரிந்தது அதுதான், சவரிநாதனுக்கு காஸ்தெக் ஆகாது என்பது. மிரோ காஸ்தெக் என்ற அந்த வெளிநாட்டு இயக்குநர் இந்தத் திருச்சியில் எத்தனை பேரைப் பிரித்திருக்கிறான். அவன் படத்தில் குதிரை மாடிப்படி ஏறி வந்து கட்டிலில் படுக்கும், தபால்காரன் கடிதத்துக்குப் பதில் வீடு வீடாகப் பல்லைக் கொடுத்துவிட்டுப் போவான், நீதிபதி கோழியைப்போல் அடைகாப்பார். பார்த்தவர்களில் பாதிப்பேர் தாடி வளர்த்தார்கள், பாதிப்பேர் கழகத்தைவிட்டு விலகினார்கள். நூலக மாடியில்தான் படம் போடுவார்கள். ஆங்கில எழுத்து கீழே ஓடும், ஓடுகிற வேகத்தில் படிக்க முடியாதவர்கள் நிறையப் பேர், அதனால் கடைசி வரிசையில் ஒரு மேஜை போட்டு, மேஜை விளக்குக்கு நீலக் காகிதம் சுற்றி, மைக் வைத்து, பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய ரெஜினா டீச்சரை உட்காரவைத்து, தமிழில் சொல்லச் சொல்வார்கள். ஆண் பெண் குதிரை எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் குரல். எண்பத்தேழில் ஒரே ஒரு முறை சவரிநாதன் போனார். படத்துக்காக இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கூட வேலைபார்த்த ஃபிட்டர் ஒருவன், உங்க வீட்டம்மா பேசுறதைக் கேட்டா ரேடியோ மாதிரி இருக்குண்ணே என்று சொன்னதால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெருமையோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். குதிரை வந்தது, சகித்துக்கொண்டார். பல் வந்தது, சகித்துக்கொண்டார். பிறகு ஒரு தகரத் தொட்டி வந்தது. ஒரு பெண் மண்டியிட்டு உட்கார்ந்து அதில் குழந்தையைக் குளிப்பாட்டினாள். தொட்டியில் குழந்தை இல்லை. இல்லாத குழந்தையின் தலையைக் கையில் தாங்கி, இல்லாத முதுகில் சோப்புப் போட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் வெறும் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. ரெஜினா மைக்கில் என்ன சொன்னாள் என்பதோ, அடுத்து என்ன நடந்தது என்பதோ அவருக்குக் கோவையாக நினைவில்லை. எழுந்து நின்றிருந்தார். "நிறுத்துங்கய்யா! இதெல்லாம் ஒரு படமா? மனுஷன் எடுப்பானா இதை?" என்று அவர் குரலிலேயே யாரோ கத்தினார்கள். நாற்காலி விழுந்தது. அவர் படியிறங்கும்போது மேலே ஒலிபெருக்கியில் ரெஜினாவின் குரல் நின்றுபோயிருந்தது. மறுநாள் காஸ்தெக் எதிர்ப்பாளர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, "கலக்கிட்டீங்க தோழர்! நம்ம கண்டனக் கூட்டத்துக்கு நீங்கதான் தலைமை" என்று கையைக் குலுக்கினார்கள். ரெஜினா அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். யாருமே காரணம் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை என்று அவர் அப்போது நினைத்தார், ஆனால் எவ்வளவு தெரியும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது ரிமோட்டின் ரப்பர் பொத்தானில் கட்டைவிரல் வழுக்கியது. சுவத்துக்கு அந்தப் பக்கம். அந்தச் சுவரைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள்?

எழுபத்தொன்பது ஜனவரியில் அது பிறந்தது. விடிகாலை ஐந்தேகாலுக்கு. பெண். இரண்டு கிலோகூட இல்லை, ஊதா நிறத்தில், அழவில்லை, பூனைக்குட்டி கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து திறந்து மூடியது. நர்சம்மா, "சாமியாரைக் கூப்பிடுறதுன்னா இப்பவே கூப்பிடுங்க" என்றாள். சவரிநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குக்கோயிலுக்குப் பறந்தார். பங்குச் சாமியார் பக்கத்து ஊர்க் கிளைப்பங்குக்குப் பூசைக்குப் போயிருந்தார். வந்துவிடுவார் வந்துவிடுவார் என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொல்லச் சொல்ல வாசலிலேயே நின்றார், சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது குழந்தை மேல் துணி போர்த்தியிருந்தது. அன்றைக்கு ராத்திரி, எல்லாம் முடிந்து பைப்படியில் கையைக் கழுவும்போதுதான் அது மண்டையில் அடித்ததுபோல் உறைத்தது: ஞானஸ்நானம் கொடுக்க சாமியார் வேண்டியதில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம், கொஞ்சம் தண்ணீரும் ஒரு வரி ஜெபமும் போதும். பத்து வயதில் ஞானோபதேச வகுப்பில் அதை ஒப்பித்து ஜெபமாலை பரிசு வாங்கியவர் அவர். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கூஜாவில் தண்ணீர் இருந்தது. அவர் சைக்கிளில் அல்லவா போனார். தண்ணீரை விட்டுவிட்டு சைக்கிளில் போனார். ஞானஸ்நானம் இல்லாததால் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை. திருச்சபையில் மேலே இருக்கிறவர்கள் அதையெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள், அன்றைக்கு அந்தக் கோயில்பிள்ளைக்கு அது தெரியாது, அவருக்கும் தெரியாது. "மதிலுக்கு வெளியேதாம்ப்பா வழக்கம்" என்று அந்தப் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருவருமாகத் தோண்டினார்கள். ஆஸ்பத்திரியில் ரெஜினா கேட்டாள், எங்கே வச்சீங்க. "எங்கம்மா பக்கத்துல. வேப்பமரத்தடி." அவள் உதடு அப்போது கோணியதா? அவர் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ரெஜினா தன் மாமியார் கல்லறையில் ஒரு பெரிய மெழுகுவர்த்தியும் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெழுகுவர்த்தியும் ஏற்றுவாள். இரண்டுக்கும் நடுவில் அவர் நின்று ஜெபம் சொல்வார். நாற்பதுக்கு மேல் நவம்பர் அப்படிச் சொன்னார். முடித்ததும் அவள், "கையெல்லாம் மெழுகு, வெளிய பைப்புல கழுவிட்டு வந்துடறேன்" என்று போவாள். வெளியே. பைப்பு எங்கே இருந்தது? சவரிநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். பைப்பு தோட்டத்துக்கு உள்ளே வாசலை ஒட்டி அல்லவா இருந்தது. வெளியே மதிலோரம் பைப்பு கிடையாதே. திரும்பி வரும்போது அவள் கை ஈரமாக இருந்ததா? தொண்ணூற்றெட்டில் ரோட்டை அகலப்படுத்த மதிலை இடித்துத் தள்ளிப் போட்டார்கள், அந்த இடத்தின்மேல் தார் வந்தது, அதற்குப் பிறகும் அவள் கை கழுவப் போனாளா? போனாள். பஸ்கள் போகிற ரோட்டோரத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள். அவர் தினத்தாள் படித்துக்கொண்டு காத்திருந்தார்.

பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியது. அவர் எழுந்து டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினார். ஆக்னஸ் எங்கிருந்து வந்தது, இருவரும் ஒருநாளும் அப்படி ஒரு பெயரைப் பேசியதில்லை, ஆண் என்றால் பெரியப்பா பெயர், பெண் என்றால் பார்க்கலாம் என்றுதான் பேச்சு. சுவரில் பங்குக்கோயில் காலண்டர் தொங்கியது. தாளைத் திருப்பித் திருப்பி ஜனவரிக்குப் போனார். இருபத்தொன்று, அது பிறந்த நாள். கட்டத்தின் கீழே எறும்பு எழுத்தில், புனித ஆக்னஸ். எந்த நாளில் பிறந்ததோ அந்த நாளின் புனிதர், அவருடைய அப்பா காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். அவள் தனியாக வைத்துவிட்டாள். அவரிடம் சொல்லாமல். ஆனால் அறுபது எழுபது பேர் முன்னால், மைக்கில், இருட்டில், ஒவ்வொரு தடவை அந்தப் படம் போடும்போதும். அந்த அறுபது பேரும் அது படத்தில் வரும் பெயர் என்று நம்பி, அந்தப் பெயருக்கு ஆட்டுக்குட்டி என்ற அர்த்தம் வருவதால் காஸ்தெக் எதையோ பலிகொடுக்கிறார் என்று ஒருத்தர் பன்னிரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதி, அதை மறுத்து இன்னொருத்தர் எழுதி, டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் முகில்வண்ணன் தன் பெண்ணுக்கே அதை வைத்து. அந்தப் பெண்ணின் பெயர்சூட்டுக்கு ரெஜினாவும் அவரும் போயிருந்தார்கள். ரெஜினா குழந்தையை வாங்கியவள் சாயங்காலம்வரை இறக்கவில்லை. குழந்தையின் பாட்டி, "டீச்சர், புள்ளைக்குப் பசிக்கும், குடுங்க" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சவரிநாதனும் சிரித்தார். இத்தனையும் நடந்திருக்கிறது. ஒரே வீட்டில். ஒரே தட்டுகளில் சாப்பிட்டுக்கொண்டு. அவர் ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தார், அவள் அவர் அதைக் காப்பாற்றுவதைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தாள்.

தாளில் இருக்கும் எழுத்துக்குத் தொனி கிடையாது, அதுதான் இப்போது அவரை அறுத்தது. தெரியும் எனக்கு என்பதை எப்படிச் சொன்னாள்? பல்லைக் கடித்தா, பரீட்சைத் தாள் திருத்தும்போது தப்பைச் சுழிப்பதுபோலவா, அழுதுகொண்டா? இருமலுக்கு அடியில் என்ன இருக்கிறது? உங்கப்பன் தண்ணீர் ஊற்றவில்லை என்று சொல்லியிருந்தால்? சொல்ல எல்லா உரிமையும் உண்டு. சொல்லியிருந்தால் அதைக் கேட்ட பிறகு இந்த நாற்காலியிலிருந்து எழுந்து, ராத்திரிக்குச் சோறு வடித்து, நாளைக்குப் பல் தேய்த்து, எப்படி? கேட்காமலே இருந்துவிடலாம். பென் டிரைவைப் பிடுங்கி முகில்வண்ணனிடம் கொடுத்து, எனக்கும் விளங்கலை தம்பி என்று சொல்லிவிடலாம். இன்னொரு பொய். அதைப் பார்த்துக் கோணுவதற்கு இப்போது உதடு இல்லை, அதனால் அது செல்லும். அந்த எண்ணத்தை வெட்கத்தோடு தள்ளினார். சரி, முகில்வண்ணன் சொன்னபடி நேராக அந்த நிமிஷத்துக்கு ஓட்டிவிட்டால் என்ன? ஒரு மணி எட்டு. கேட்பது, நிறுத்துவது. குதிரையும் பல்லும் வேண்டாம். ரிமோட்டைத் தூக்கினார். தூக்கிய கை நின்றது. அப்படிப் போனால் அது அவளுடைய பீரோவைத் திறந்து ஒரே ஒரு கடிதத்தை உருவுவதுபோல. அவள் அந்த நான்கு நிமிஷத்துக்கு வர முதலில் ஒரு மணி நேரம் குதிரைக்கும் நீதிபதிக்கும் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள், எச்சில் வறண்டு, நீல விளக்கில் குனிந்து, வருமே வருமே என்று. ஐந்து தடவையோ ஆறு தடவையோ. ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டில் இருந்தார். சாயங்காலம் அவள் வந்ததும், "என்ன, பைத்தியக்காரன் படமா?" என்பார். "ஆமா, பைத்தியக்காரன் படம்தான்" என்று சேலை மாற்றப் போவாள். சவரிநாதன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். காஸ்தெக்கோ யாரோ, அந்த ஆளை முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். பொத்தானை அழுத்தினார்.

முதலில் கரகரப்பு. பிறகு திரையில் உப்பு மூடிய ஒரு தெரு, அதன் மேல், அவர் நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளியதுபோல, ரெஜினா. வயதான ரெஜினா இல்லை, நாற்பது வயது ரெஜினா, வகுப்புக்குள் நுழைந்ததும் தொண்டையைச் செருமும் அந்தச் செருமலோடு. "ஊர்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. குதிரை மட்டும் முழிச்சிருக்கு." அவள் குரல் எங்கேயும் பதிவாகவில்லை என்று ஏழு மாதமாக நம்பியிருந்தார், செல்போனில்கூட எதுவும் இல்லை, இங்கே அவள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தாள். தபால்காரனுக்கு மூக்கால் பேசினாள். நீதிபதிக்கு அவள் பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரீயின் குரலைக் கொடுத்தாள், அச்சு அசல், அந்த இழுப்போடு. சவரிநாதன் சிரித்துவிட்டார். சத்தமாக. சிரித்த சத்தம் காலி வீட்டில் கேட்டதும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். குதிரை படியேறியது. ஏன் ஏறுகிறது என்று விளங்கவில்லை, ஆனால் அது ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்ததை அவர் அன்றைக்குக் கவனிக்கவில்லை. தொட்டி வந்தது. அவர் கால் தானாக எழப் பார்த்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் மண்டியிட்டாள், இல்லாத தலையைத் தாங்கினாள். "ஆக்னஸ், கண்ண மூடிக்கோ. சோப்பு எரியும்." கோபம் இல்லை. அழுகை இல்லை. பள்ளிக்கு நேரமாகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தலை பின்னுகிற குரல். "சுவத்துக்கு அந்தப் பக்கம் குளிராத்தான் இருக்கும், தெரியும் எனக்கு." பிறகு மண்டபத்தில் யாரோ இருமினார்கள், நெஞ்சுச் சளி இருமல், நிற்காமல். அதன் அடியில், தண்ணீர் தகரத்தில் விழும் சத்தத்துக்கும் அடியில், சமையலறையிலிருந்து அவள் தனக்குள் பேசிக்கொள்வதை நாற்பத்தாறு வருஷம் கூடத்திலிருந்து கேட்ட காதுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "அன்னைக்குத் தண்ணி பக்கத்துலதான் இருந்துச்சு. கூஜாவுல. என் கை எட்டுற தூரம்தான். எனக்கும் தோணலை ஆக்னஸ்." செம்பு சாய்ந்தது. தண்ணீர் விழுந்தது.

அவளும் படித்தவள்தானே, அவளுக்கும் அந்தப் பாடம் தெரியும்தானே, கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தவள்தானே என்பது இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை. தன் சைக்கிளைத் தவிர அந்தக் காலையில் அவர் வேறு எதையும் பார்த்ததில்லை. அவள் ஒன்றரை மணி நேரம் அந்தக் கூஜாவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், பிறகு இந்த இருட்டில் வந்து அதைச் சொன்னாள், அவர் ஒருவரைத் தவிர ஊரில் எல்லோரிடமும். திரையில் தபால்காரன் மறுபடி வந்தான், அவள் மறுபடி மூக்கால் பேசத் தொடங்கினாள், இருமியவன் நிறுத்திக்கொண்டான். நீதிபதியின் முட்டைகள் பொரிந்தன. உப்பு தெருவைவிட்டு வடிந்தது. சவரிநாதன் கடைசிவரை பார்த்தார், பாதிக்கு மேல் விளங்கவில்லை, கன்னத்தைத் துடைக்கவும் இல்லை. படம் முடிந்து, கேசட்டில் நாற்காலிகள் நகரும் சத்தமும் ரெஜினா யாரிடமோ "தண்ணி இருக்கா?" என்று கேட்பதும் வந்து, சட்டென்று ஒலி அறுந்தது. திரை வேறொரு பக்கத்துக்குத் தாவியது. முகில்வண்ணன் சொல்ல மறந்திருக்க வேண்டும். காஸ்தெக்கின் வேறு படங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் முடிவிலும் குரல் ரெஜினா என்று போட்டிருந்தது. இன்னும் மூன்று படங்கள் இருந்தன.